மருத்துவ ஆய்வு வடிவமைப்பு

மருத்துவ ஆய்வு வடிவமைப்பு என்பது, ஒரு நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ எழும் கேள்விக்கு நம்பத்தகுந்த விடை கிடைக்கும் வகையில் ஆய்வை முன்கூட்டியே திட்டமிடும் முறையாகும். யாரை ஆராய்வது, அவர்களை யாரோடு ஒப்பிடுவது, எதை எப்போது அளப்பது, கிடைத்த எண்களை எப்படிக் கணக்கிடுவது ஆகியவை இத்திட்டத்தில் அடங்கும். எத்தனை பேரை ஆராய்ந்தாலும் வடிவமைப்பு தவறாக இருந்தால் விடையும் தவறாகவே இருக்கும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையிலும் வேலூரிலும் செங்கல்பட்டு வட்டாரத்திலும் நடந்த சில ஆய்வுகள் உலக மருத்துவ நடைமுறையையே மாற்றியுள்ளன. அவற்றையும், ஆம்பூர்த் தோல் தொழிலாளரை வைத்து அமைத்த சில எடுத்துக்காட்டுகளையும் கொண்டு இக்கட்டுரை ஆய்வு வகைகளை விளக்குகிறது. ஆம்பூர் எடுத்துக்காட்டுகள் விளக்கத்துக்காகக் கற்பனையாகத் தரப்படுபவை. மற்றவை உண்மையில் நடந்த ஆய்வுகள்.

ஒப்பீடு ஏன் தேவை?

பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் முதன்மைத் தொழில்கள். தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பு, அமிலங்கள், குரோமிய உப்புகள் முதலியவை பயன்படுகின்றன. குரோமியம் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி.

ஓர் ஆலையில் கை அரிப்பால் துன்புறும் 20 தொழிலாளருக்கு ஒருவர் ஒரு களிம்பைத் தருகிறார் என்று கொள்வோம். ஒரு மாதத்தில் 15 பேருக்கு அரிப்பு குறைகிறது. களிம்பு வேலை செய்தது என்று சொல்லலாமா? உடனே சொல்ல முடியாது. அந்த மாதத்தில் பண்டிகை விடுமுறை வந்திருக்கலாம். சிலர் வேறு பிரிவுக்கு மாறியிருக்கலாம். கையுறை அணியத் தொடங்கியிருக்கலாம். அரிப்பு மிகுந்திருந்த நாளில் களிம்பு வாங்கியவருக்கு, எதுவும் செய்யாமலே சில நாளில் அது தணிந்திருக்கலாம். மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையே சிலருக்கு ஆறுதல் தந்திருக்கலாம்.

களிம்பு பூசாத, மற்ற எல்லாவற்றிலும் இவர்களைப் போன்ற இன்னொரு 20 பேரில் எத்தனை பேருக்கு அரிப்பு குறைந்தது என்று தெரிந்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். அவர்களிலும் 15 பேருக்குக் குறைந்திருந்தால் களிம்பின் பங்கு எதுவும் இருப்பதாகச் சொல்ல இயலாது. "யாரோடு ஒப்பிட்டு?" என்பதே மருத்துவ ஆய்வின் அடிப்படைக் கேள்வி. கீழே வரும் ஆய்வு வகைகள் எல்லாம் அந்த ஒப்பீட்டை நியாயமாகச் செய்வதற்கு மனிதர் கண்ட வழிகளே.

கேள்வியை வகுத்தல்

"களிம்பு நல்லதா?" என்பது ஆய்வுக்கு ஏற்ற கேள்வி அன்று. ஆய்வுக் கேள்வியில் நான்கு கூறுகள் தெளிவாக இருக்க வேண்டும்.

1. யார்? (எ.கா. ஆம்பூர் ஆலைகளில் ஈரப் பிரிவில் ஓராண்டுக்கு மேல் பணிபுரியும், கை அரிப்பு உள்ள தொழிலாளர்)
2. என்ன? (நாளுக்கு இருமுறை களிம்பு பூசுதல்)
3. எதனோடு ஒப்பிட்டு? (மருந்து கலவாத, அதே நிறமும் மணமும் உடைய களிம்பு)
4. எந்த விளைவு? (நான்கு வாரத்தின் முடிவில் மருத்துவர் குறித்த அளவுகோலின்படி அரிப்பின் கடுமை)

நான்காவது கூறு மிக முக்கியமானது. அளக்கப்போவது எது என்பதை முன்னரே எழுதி வைக்காவிட்டால், பத்து விளைவுகளை அளந்துவிட்டுச் சாதகமாக வந்த ஒன்றை மட்டும் வெளியிடும் தவறு நேரும்.

மாதிரி எடுத்தல்

எல்லாத் தொழிலாளரையும் ஆராய்வது கடினம். எனவே ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது மாதிரி எனப்படும். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்ற பழமொழி மாதிரியின் தத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் அது உலையில் சீராகக் கொதிக்கும் சோற்றுக்கே பொருந்தும். ஆம்பூர் பிரியாணியைத் தம் போட்ட அண்டாவில் மேலே உள்ள சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்து, அடியில் உள்ள கறியின் பதத்தைச் சொல்ல முடியாது. மக்களும் சீராகக் கலந்தவர்கள் அல்லர். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்தால் நோய் முற்றியவர்களே அதிகம் இருப்பர். நிரந்தரப் பணியாளரை மட்டும் எடுத்தால் ஒப்பந்தக் கூலிகள் விடுபடுவர். ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு அமையும்படி குலுக்கல் முறையில் எடுப்பதே நல்ல மாதிரி.

ஆய்வு வகைகள்

ஆய்வுகளை இரு பெரும் பிரிவாகக் காணலாம். நடப்பதை மாற்றாமல் கவனித்துப் பதிவது உற்றுநோக்கல் ஆய்வு. மருந்து, தடுப்பூசி, பயிற்சி போன்ற ஒன்றை ஆய்வாளரே வழங்கி விளைவைப் பார்ப்பது தலையீட்டு ஆய்வு. கீழே உள்ளவற்றில் முதல் மூன்றும் உற்றுநோக்கல் ஆய்வுகள். நான்காவது தலையீட்டு ஆய்வு.

1. குறுக்குவெட்டு ஆய்வு

ஒரு குறிப்பிட்ட காலத்தில் மக்களிடம் நோய் எவ்வளவு உள்ளது என்று அறிவது குறுக்குவெட்டு ஆய்வு. இது ஒரு புகைப்படம் எடுப்பது போன்றது. விரைவாகவும் குறைந்த செலவிலும் முடியும். ஆனால் எது முன், எது பின் என்று புகைப்படம் சொல்லாது.

இதில் மறைந்துள்ள ஒரு பொறியைத் தொழில் ஊர்களில் உள்ளோர் அறிந்திருப்பது நல்லது. ஒரு நாள் ஆலைக்குச் சென்று அங்கு வேலை செய்பவர்களைச் சோதித்தால், கடும் அரிப்பாலோ மூச்சுத்திணறலாலோ வேலையை விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உடல் தாங்கியவர்கள் மட்டுமே எஞ்சியிருப்பர். அவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் "ஆலைத் தொழிலாளர் நலமாகவே உள்ளனர்" என்ற முடிவுகூட வரலாம். இது நலமான தொழிலாளர் விளைவு எனப்படும். வேலையை விட்டவர்களையும் தேடிச் சென்று சேர்த்தால்தான் உண்மை நிலை வெளிப்படும்.

2. நோயாளி–ஒப்பீட்டு ஆய்வு

நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு, கடந்த காலத்தில் அவர்களின் பழக்கவழக்கங்கள் எப்படி வேறுபட்டன என்று பின்னோக்கிப் பார்ப்பது இம்முறை. அரிய நோய்களுக்கும், பல்லாண்டு கழித்து வெளிப்படும் நோய்களுக்கும் இது ஏற்றது.

சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இவ்வகையில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியானது. இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கம் குறித்து அவர்களின் குடும்பத்தாரிடம் கேட்கப்பட்டது. உயிருடன் இருந்த ஏறத்தாழ 35,000 ஆண்களோடு அது ஒப்பிடப்பட்டது. சென்னை நகரப் பகுதியில், புகைபிடித்தவர்கள் காசநோயால் இறக்கும் வீதம் புகைபிடிக்காதவர்களைப் போல் ஏறத்தாழ நான்கரை மடங்காக இருந்தது. புகையிலை என்றால் புற்றுநோய் என்று மட்டும் எண்ணியிருந்த இடத்தில், பீடியும் சிகரெட்டும் காசநோய் மரணத்தோடு கொண்ட தொடர்பை இந்த ஆய்வு காட்டியது.

இம்முறையின் குறை நினைவைச் சார்ந்திருப்பதாகும். நோய்க்குக் காரணம் தேடும் குடும்பம் பழையதைத் துருவி நினைவுகூரும்; நலமாக உள்ளவர் மறந்திருப்பார். இதனை நினைவுச் சாய்வு என்பர்.

3. பின்தொடர் ஆய்வு

நோய் வருவதற்கு முன்பே ஒரு குழுவினரைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு என்ன நேர்கிறது என்று பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது பின்தொடர் ஆய்வு. முன்பு சொன்னது புகைப்படம் என்றால் இது திரைப்படம். எது முன், எது பின் என்பது இதில் தெளிவாகும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய ரோட்டா வைரஸ் ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. வேலூர் நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகள் பிறப்பு முதலே சேர்க்கப்பட்டனர். 373 குழந்தைகள் மூன்று வயது வரை முழுமையாகக் கண்காணிக்கப்பட்டனர். களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்றனர். வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் மலமாதிரி சேகரித்தனர்.

2011இல் வெளியான முடிவு பலரை வியக்க வைத்தது. 56% குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே தொற்று ஏற்பட்டிருந்தது. முன்னர் மெக்சிகோவில் நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்கு அதன்பின் கடுமையான நோய் வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்று வந்த பிறகும் நடுத்தர, கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79% அளவிலேயே இருந்தது. ஓரிடத்துக் குழந்தைகளிடம் கண்ட முடிவை வேறிடத்துக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது சான்றாகும்.

பின்தொடர் ஆய்வுக்குக் காலமும் செலவும் அதிகம். இடையில் வீடு மாறியோ விருப்பமின்றியோ விலகுபவர்கள் மிகுந்தால் முடிவு வலுவிழக்கும்.

4. சமவாய்ப்புச் சோதனை

மேலே கூறிய மூன்று வகைகளிலும் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. புகைபிடிப்பவர் புகையால் மட்டும் வேறுபட்டவர் அல்லர். வருமானம், உணவு, மது, வேலை ஆகியவற்றிலும் வேறுபட்டிருக்கலாம். நோய்க்குக் காரணம் இவற்றில் எது? இப்படி இடையில் புகுந்து குழப்புவதைக் குழப்பும் காரணி என்பர். தெரிந்த காரணிகளைக் கணக்கிட்டுக் கழிக்கலாம். தெரியாதவற்றை என்ன செய்வது?

இதற்குக் கண்ட வழி எளியது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல், நாணயம் சுண்டுவது போலத் தற்செயலுக்கு விட்டுவிடுவது. போதிய எண்ணிக்கை இருந்தால் வயது, வறுமை, நோயின் கடுமை எனத் தெரிந்தவையும் தெரியாதவையும் இரு குழுக்களிலும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். அதன்பின் காணும் வேறுபாட்டுக்குச் சிகிச்சையே காரணம் என்று துணிந்து கூறலாம். பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வு, 1948இல் வெளியானபோது இம்முறைக்கு வழிகாட்டியாக அமைந்தது.

சென்னைக் காசநோய் ஆய்வு

1950களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் தங்கவைத்து, ஓய்வும் சத்துணவும் நல்ல காற்றும் தருவதே சரியான சிகிச்சை என்ற நம்பிக்கை நிலவியது. இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கோ படுக்கைகள் மிகமிகக் குறைவு. நெரிசலான வீட்டில், போதிய உணவின்றி, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் ஏழைக்கு மருந்து மட்டும் கொடுத்தால் நோய் குணமாகுமா என்ற கேள்வி எழுந்தது. இலட்சக்கணக்கானோரின் உயிர் இதன் விடையில் இருந்தது.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் இணைந்திருந்தன. மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வீட்டிலும், மற்றொரு குழுவினர் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் வீட்டுக் குழுவில் 86%, சானடோரியக் குழுவில் 92%. சத்துணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மிகச் சிறியதே. மருந்தைத் தவறாமல் உட்கொள்வதே குணமடைவதற்கு அடிப்படை என்பது தெளிவாயிற்று. வீட்டிலிருந்தே காசநோய்ச் சிகிச்சை பெறும் இன்றைய நடைமுறைக்கு இந்த ஆய்வு அடித்தளமிட்டது. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சானடோரியத்துக்குச் சென்றவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் குலுக்கல் இன்றி வெறுமனே ஒப்பிட்டிருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. வசதி உள்ளவர்களோ நோய் முற்றியவர்களோ ஒரு பக்கம் குவிந்திருப்பர். ஒப்பீடும் நியாயமாக இருந்திருக்காது.

மறைப்பும் வெற்று மருந்தும்

தமக்குக் கிடைப்பது உண்மை மருந்து என்று தெரிந்தால் நோயாளி நலம் பெற்றதாக உணரக்கூடும். மருத்துவரும் அறியாமலே முன்னேற்றத்தை மிகையாகப் பதியக்கூடும். இதனைத் தவிர்க்க, மருந்தைப் போலவே தோன்றும் ஆனால் மருந்துப் பொருள் இல்லாத வெற்று மருந்தை ஒப்பீட்டுக் குழுவுக்குத் தருவர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாதபடி வைத்தால் அது இருபுற மறைப்பு. வீட்டில் இருக்கிறாரா சானடோரியத்தில் இருக்கிறாரா என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாது. அத்தகைய ஆய்வுகளில் சளிப் பரிசோதனை போல விருப்புவெறுப்பு புகாத அளவீடுகளைச் சார்ந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை மறைப்புடன் நடந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். மூவரில் இருவருக்குத் தடுப்பு மருந்து, ஒருவருக்கு வெற்று மருந்து என்ற விகிதத்தில் சமவாய்ப்பாகப் பிரிக்கப்பட்டனர். 2014இல் முடிவு வெளியானது.

இதன் எண்களைப் படிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ரோட்டா வைரஸால் வந்த கடும் வயிற்றுப்போக்கு, தடுப்பு மருந்துக் குழுவில் 71 முறையும், வெற்று மருந்துக் குழுவில் 76 முறையும் பதிவாயிற்று. 71க்கும் 76க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். ஆனால் முதல் குழு இரு மடங்கு பெரியது. முதல் குழுவின் கண்காணிப்புக் காலத்தைக் கூட்டினால் 4,752 குழந்தை-ஆண்டுகள்; இரண்டாவது குழுவில் 2,360. அதாவது 100 குழந்தைகளை ஓராண்டு கவனித்தால் முதல் குழுவில் ஏறத்தாழ 1.5 முறையும், இரண்டாவது குழுவில் 3.2 முறையும் நோய் வந்துள்ளது. எனவே தடுப்பு மருந்தின் செயல்திறன் 53.6%. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் "எத்தனை பேரில்?" என்று கேட்க வேண்டியதன் தேவை இங்கு விளங்கும்.

இந்த 53.6% என்பதும் ஒரு மதிப்பீடே. தற்செயலின் பங்கையும் கணக்கில் கொண்டு, உண்மை மதிப்பு 35.0%க்கும் 66.9%க்கும் இடையில் இருக்கலாம் என்று ஆய்வு குறிப்பிட்டது. இது 95% நம்பக இடைவெளி எனப்படும். ஆய்வில் சேர்ந்தோர் எண்ணிக்கை கூடினால் இந்த இடைவெளி குறுகும். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் அறிமுகமாகி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

எதிர்பாராத முடிவின் மதிப்பு

நல்ல வடிவமைப்பு நாம் விரும்பாத விடையையும் தரும். காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி பல நாடுகளில் வழங்கப்பட்டு வந்த நிலையில், 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் அதற்கான மிகப் பெரிய சோதனை தொடங்கியது. 2,80,000க்கும் மேற்பட்டோர் சமவாய்ப்பு முறையில் தடுப்பூசியோ வெற்று ஊசியோ பெற்றனர். முதல் ஏழரை ஆண்டு முடிவும், பின்னர் 1999இல் வெளியான 15 ஆண்டு முடிவும் ஒன்றையே கூறின: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி அங்கே தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கடும் வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் போடப்படுகிறது. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்ற எல்லையை வகுத்ததே இந்த ஆய்வின் பயன்.

ஒப்புதலும் நெறிமுறையும்

ஆய்வில் பங்கேற்பவர் ஒரு மனிதர், தரவு அல்லர். ஆய்வின் நோக்கம், செய்முறை, நேரக்கூடிய தீங்கு, விலகும் உரிமை ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர் விரும்பித் தரும் இசைவைப் பெற வேண்டும். இது அறிந்து தரும் ஒப்புதல் எனப்படும். 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகளும், 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையும் இதனை வலியுறுத்துகின்றன. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்தச் சோதனையும் தொடங்கக் கூடாது.

ஒப்புதல் வெறும் கையெழுத்தாகிவிடும் இடர் உண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளி மாணவியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது வெளிவந்தது. 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதிகாரத்தில் உள்ளவர் பிறருக்காக ஒப்புதல் தருவது ஒப்புதல் ஆகாது. ஓர் ஆலையில் ஆய்வு நடந்தாலும் இதே விதிதான். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க "விருப்பமா?" என்று கேட்டால், வேலை போய்விடுமோ என்று அஞ்சும் தொழிலாளி மறுக்க மாட்டார். அரிப்பு உண்டா என்ற கேள்விக்கும் உண்மையைச் சொல்ல மாட்டார். அங்கே நெறிமுறை மீறல் ஆய்வின் முடிவையும் சேர்த்துக் கெடுக்கிறது.

சோதனை தொடங்கும் முன் அதன் திட்டத்தைப் பொதுவில் பதிவு செய்வதும் ஒரு காப்பு. இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 முதல் பதிவு கட்டாயமாயிற்று. இணையத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். பாதகமான முடிவை மறைப்பதும், அளக்கும் விளைவைப் பாதியில் மாற்றுவதும் இதனால் கடினமாகின்றன.

ஒரு செய்தியைப் படிக்கும்போது

"இம்மருந்தால் பத்தில் எட்டுப் பேர் குணமடைந்தனர்" என்ற செய்தியோ விளம்பரமோ கண்ணில் படும்போது கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்பது பயன் தரும்.

• யாரோடு ஒப்பிட்டார்கள்? மருந்து பெறாதவர்களில் எத்தனை பேர் குணமடைந்தனர்?
• குழுக்களைப் பிரித்தது யார்? குலுக்கலா, மருத்துவரின் விருப்பமா?
• மொத்தம் எத்தனை பேர்? இடையில் விலகியவர்கள் என்ன ஆனார்கள்?
• விளைவை அளந்தவருக்கு யார் எந்த மருந்து பெற்றார் என்று தெரியுமா?
• முன்கூட்டியே பதிவு செய்த ஆய்வா? செலவை ஏற்றவர் யார்?
• ஆய்வில் பங்கேற்றவர்கள் நம்மைப் போன்றவர்களா?

இவற்றுக்கு விடை இல்லாத செய்தி பொய் என்று பொருளில்லை. அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே பொருள். சென்னைக் குடிசைகளில் ஓராண்டு மருந்து உட்கொண்டவர்களும், வேலூரில் வாரந்தோறும் கதவைத் திறந்து களப்பணியாளரை உள்ளே அழைத்த தாய்மார்களும் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்க உதவியவர்கள். அவர்களின் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. அவர்கள் பங்கேற்றுக் கிடைத்த விடைகள் இன்று நாடெங்கும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயன்பட்டு வருகின்றன.